வயரைப் பிடுங்கினால் மணி அடிக்க வேண்டும்

விக்கி,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். பால் இல்லை. "அம்மா, திங்கக்கெழம எங்க சாஃப்ட்வேர நீதான் செக் பண்றியாமே, சார் சொன்னாரு. கொஞ்சம் பாத்துக்கோம்மா, என் ப்ரொபேஷன் இதுலதான் இருக்கு" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் மகன் அம்மாவிடம் கேட்கிறான் என்று விட்டிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "சார் உன்னப் பத்தி ரொம்ப மரியாதையா பேசினாரும்மா" என்றாய். இந்தக் கடிதம் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக.

இதை மடித்து ஒட்டவில்லை, பார்த்திருப்பாய். நான் எதையும் வெளியே சொல்லாதவள் என்பது உனக்குத் தெரியும். என் புத்தகங்களில் அடிக்கோடு போட்ட இடங்களைக்கூட நீங்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவள். ஆனாலும் இது திறந்தே இருக்கட்டும். உன் அறையில் இருக்கும் பையன்கள் படித்தால் படிக்கட்டும். உன் சார் கட்டாயம் படிக்க வேண்டும்.

உன் சார் தினகரை எனக்கு நன்றாகத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நான் வேலை பார்த்தது அவருடைய கம்பெனியில்தான். அப்போது அது ஓசூரில் ஒரு வாடகை மாடி, பெயரும் வேறு. இப்போது எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் கண்ணாடிக் கட்டடம், புதுப் பெயர். நீ பர்கூரில் படித்து முடித்ததும் கையில் கொண்டுவந்த வேலை உத்தரவின் அடியில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்தை ஒரு கொக்கிபோல மேலே இழுத்துவிடும் அதே கையெழுத்து. உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். நான் உனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஏன் தடுக்கவில்லை என்று இப்போது கேட்பாய். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அந்தக் கம்பெனிக்குள் என்னுடைய ஆள் ஒருவன் இருக்கட்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெளிவில்லை. நேற்று உன்னையே என்னிடம் தூது அனுப்பியதில் தெளிந்துவிட்டது. அவர் முந்திக்கொண்டார்.

அந்த மாடி ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. மென்பொருளின் புது வடிவம் வெளியே போகும் நாளில் கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைப்பார்கள். அது எல்லா இடத்திலும் உண்டு. இங்கே கூடுதலாகச் சுவரில் ஒரு டிவி இருக்கும். மென்பொருளைச் சோதிக்க எழுதிவைத்த டெஸ்ட்கள் ஒவ்வொன்றாக ஓடும். சரியானால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையானால் தினகர் மைசூர்பாகு டப்பாவைத் திறப்பார். ஒரு சிவப்பு இருந்தாலும் திறக்கமாட்டார். டப்பாவை மேசை நடுவில் வைத்துக்கொண்டு, "யார்துப்பா அது? நெய் உறைஞ்சிகினு இருக்குது, சீக்கிரம் பச்சையாக்கு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிவப்புக்குச் சொந்தக்காரன் மட்டும் சிரிக்கமாட்டான். ஆபீஸ் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நிலையில் மனிதன் என்ன செய்வான் சொல். தவறு மென்பொருளின் நிரலில் இருக்கும், அதைத் தேட நேரம் பிடிக்கும். டெஸ்டைத் திருத்துவது சுலபம். பத்து என்று எதிர்பார்த்த இடத்தில் நிரல் பன்னிரண்டு என்றால், டெஸ்டிலும் பன்னிரண்டு என்று மாற்றிவிடுவான். இன்னும் சாமர்த்தியசாலி ஒருவன் இருந்தான். நிரல் கொடுத்த விடையை வாங்கி, அதே நிரலிடம் மறுபடி கேட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பான். இட்லி வெந்துவிட்டதா என்று இட்லியையே கேட்பது மாதிரி. அவனுடையது ஒருநாளும் சிவப்பானதில்லை. அவனுக்கு ஓரத் துண்டு, நெய் அதிகமான துண்டு கிடைக்கும்.

அங்கே கற்றது எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது, நீயும் எடுத்துக்கொள். சிவப்பாகவே முடியாத டெஸ்ட், டெஸ்டே இல்லை. எழுதியவுடன் பச்சையாக வந்தால் நான் நம்பமாட்டேன். நிரலுக்குள் போய் ஒரு இடத்தை வேண்டுமென்றே கெடுப்பேன், பெரியதா என்று கேட்கும் இடத்தில் சின்னதா என்று மாற்றுவேன். டெஸ்ட் கத்துகிறதா என்று பார்ப்பேன். கத்தினால்தான் கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு அதை வைத்துக்கொள்வேன். உங்கள் கம்பெனி அறிக்கையில் நிரலின் எத்தனை சதவீத வரிகளை டெஸ்ட் தொட்டது என்று பெருமையாகப் போடுவார்கள், இப்போதும் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொடுவதும் சோதிப்பதும் ஒன்றல்ல. உன் அப்பா ராத்திரி படுக்கப்போகும்முன் கதவு நாதாங்கியைத் தொட்டுவிட்டுப் போவார், நான் இழுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு பஷீர் பாயின் குளிர்கிடங்கு வேலை வந்தது. கெலமங்கலம் சாலையில் இருக்கிறதே, இப்போது நான் போகும் அதே கிடங்குதான். சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டும் ரோஜாவை வாளித் தண்ணீரில் நிறுத்தி அங்கே குளிரில் வைப்பார்கள், பிறகு லாரி ஏற்றுவார்கள். அறையின் சூடு ஏறினால் சென்சார் சொல்ல வேண்டும், நிரல் உடனே மேற்பார்வையாளரின் போனை அடிக்க வேண்டும். சின்ன வேலை. டெஸ்டுக்கு நிஜ சென்சாரை மேசையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் நிரலிலேயே ஒரு பொய் சென்சார் செய்து வைத்திருந்தார்கள். அது ரொம்ப நல்ல பிள்ளை. கேட்டால் உடனே எண் சொல்லும், தப்பாகச் சொல்லாது, ஒருநாளும் வாயை மூடாது. நான் ஒருமுறை கிடங்குக்குப் போய் நிஜத்தைப் பார்த்தேன். சுவரோரமாகத் தொங்கும் ஒரு வயர், பக்கத்தில் வாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஆட்கள். அந்த வயர் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? நிரலைப் பார்த்தேன். புது எண் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி எழுதியிருந்தார்கள். அதாவது சென்சார் செத்துப்போனாலும் திரையில் குளிர் குளிராகவே இருக்கும்.

நான் ஒரு டெஸ்ட் எழுதினேன். பொய் சென்சாரை ஊமையாக்கினேன். "வயரைப் பிடுங்கினால் மணி அடிக்க வேண்டும்" என்று அதற்குப் பெயர் வைத்தேன். டெஸ்டுக்குப் பெயர் இப்படித்தான் இருக்க வேண்டும், விக்கி. சிவப்பானதும் முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பெயரை மட்டும் படித்தால் என்ன உடைந்தது என்று அவனுக்குப் புரிய வேண்டும். சோதனை அ, சோதனை ஆ என்று வைத்தால் அவன் நிரல் முழுவதும் தோண்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை டிவியில் என் டெஸ்ட் ஒன்று மட்டும் சிவப்பு. மேசையில் டப்பா. தினகர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மேடம் இது? சென்சார் எதுக்குப் பேசாம போவுது? கோவிச்சிகினு போறதுக்கு அது என்ன உங்க மாமியாரா?"

ஆபீஸ் சிரித்தது. "வயர் கைக்கு எட்டற எடத்துல இருக்கு சார். யாராச்சும் இழுத்தா போச்சு" என்றேன்.

"யார் இழுக்கறாங்க? ஹோக்லி பிடி மேடம்" என்றார். கன்னடம் கலந்து பேசினால் அவர் கோபமாக இல்லை என்று அர்த்தம். போகட்டும் விடு என்பதை அவர் அவ்வளவு இனிமையாகச் சொல்வார். பிறகு என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, என் டெஸ்டின் தலைக்கு மேல் இதை ஓட்டாதே என்னும் பொருளில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். ஓட்டாமல் விட்ட டெஸ்ட் சிவப்பாகாது. டிவி முழுக்கப் பச்சை. டப்பா திறந்தது. எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்னாமல் பைக்குள் போட்டேன், வீட்டுக்கு வருவதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது.

பிப்ரவரியில், காதலர் தினத்துக்காக ஊர் முழுக்க ரோஜா வெட்டும் வாரத்தில், யாரோ ஏணியைச் சுவரில் சாய்த்தபோது வயர் கழன்றது. குளிரூட்டும் இயந்திரம் அன்றைக்கே மக்கர் செய்தது. திரை மூன்று டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. யார் போனும் அடிக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தவர்களுக்கு முகத்தில் வெக்கை அடித்தது. மொட்டாக இருக்க வேண்டிய பூ எல்லாம் வாய் பிளந்து கிடந்தது. அதில் பெரும்பகுதி கெலமங்கலத்து ருக்மணி அக்காவின் பூ. தனியாளாக ஒரு பசுமைக்குடில் போட்டு, அந்த ஒரு பருவத்தை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர். அவர் பிறகு குடிலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனார்.

அன்று கிடங்குக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தோட்டக்காரர்கள் நின்றார்கள், பஷீர் பாய் நின்றார், நான் தினகருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "டெஸ்டிங் எல்லாம் எங்க மேடம் பொறுப்பு பாய். கவனிக்காம விட்டுட்டாங்க. நாங்க நடவடிக்கை எடுக்கறோம்." ருக்மணி அக்கா என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீயும் பொம்பளதான? தலைல பூ வெக்கறவதான? சூட்டுல பூவு நிக்காதுனு உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும், எழுதிவைத்தேன், எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தினகர், "மேடம், வண்டில ஏறுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் என் லாகின் நின்றுபோனது. அதன் பிறகு ஓசூரில் நான் எந்த ஆபீசுக்கு இன்டர்வியூ போனாலும், "ஓ, அந்த ரோஜா மேட்டர்ல இருந்தது நீங்கதானா?" என்று கேட்டார்கள். ஊர் அப்படித் தானாகப் பேசாது. ஒருவர் போன் போட்டுப் பேசினால்தான் பேசும்.

உன் அப்பா, "விடு, ஒடம்பு நல்லாருந்தா வேற வேல கெடைக்கும்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு ஆறுதல் இல்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துவந்து படித்தேன், நீ நினைவு வைத்திருப்பாய், சாப்பாட்டு மேசையில்கூடப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று புகார் சொல்வாய். பழிவாங்கும் கதைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். எல்லா நாவலிலும் பழிவாங்குகிறவன் கடைசியில் தானும் அழிகிறான். அப்படித்தான் நடக்கும் என்று எழுத்தாளர்கள் ஏன் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று யோசித்தேன். அந்தக் கதாபாத்திரங்களில் ஒருவருக்கும் ஒரு வேலையும் உருப்படியாகத் தெரியாது என்பதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. கத்தி, விஷம், தீ. எனக்கு டெஸ்ட் எழுதத் தெரியும்.

ஒருநாள் மத்திகிரியில் டவுன் பஸ் ஏறி நேராக பஷீர் பாயிடம் போனேன். அவர் இன்னும் அதே மென்பொருளைத்தான் வைத்திருந்தார், நம்பிக்கை இல்லாமல் ஒரு ஆளையும் தெர்மாமீட்டரோடு அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் பாய்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரே சென்சார் வயரைப் பிடுங்கினேன்.

"ஏம்மா, ஏம்மா! என்ன பண்ற?"

"திரையப் பாருங்க."

திரை மூன்று என்றது. கிடங்குக் கதவைத் திறந்துவைத்தேன். வெயில் உள்ளே வந்தது. திரை மூன்று என்றது. பாய் கையை அறைக்குள் நீட்டிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கையை நீட்டினார்.

"இது எப்பலேர்ந்து இப்பிடி?"

"மொதல் நாள்லேர்ந்து."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். டெஸ்ட் எழுதுனேன். ஓட்டாதன்னு நிறுத்திட்டாங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நீங்க அவரத்தான பாத்துகினு இருந்தீங்க பாய்."

அவர் கிடங்குக் கதவைச் சாத்தினார். பிறகு டீ சொல்லி அனுப்பினார். மறு வாரத்திலிருந்து நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கிடங்குக்குள் எந்த மென்பொருள் வந்தாலும் நான் பார்த்துச் சரி என்றால்தான் வரும்.

மென்பொருளை வாங்குகிறவர் பக்கத்தில் இருந்தபோது இன்னும் சிலது புரிந்தது. நிரல் எழுதுகிறவர் டெஸ்ட் எழுதினால் தன் நிரல் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையே டெஸ்டாக்குவார். நிரலை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், இந்த அறைக்குப் போனதா, இந்தப் பெட்டியைத் திறந்ததா என்று. நாளைக்கு அவரே அறைகளை இடம் மாற்றி ஒழுங்காக அடுக்குவார், விடையில் ஒரு மாற்றமும் இருக்காது, ஆனால் டெஸ்ட் எல்லாம் சிவப்பாகும். இரண்டுமுறை அப்படி ஆனால் மூன்றாம் முறை யாரும் சிவப்பை மதிக்கமாட்டார்கள். ருக்மணி அக்காவுக்கு உள்ளே எந்தப் பெட்டி திறந்தது என்று கவலை இல்லை. சூடு ஏறினால் போன் அடித்ததா? அதை மட்டும் கேள். அதனால்தான் திங்கட்கிழமைக்காக நீ எழுதிய நிரலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் உன் கை தெரியும். நீங்கள் பாயிடம் எழுதிக் கொடுத்த வாக்கை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு என்று வரும் டெஸ்டையும் வைத்துக்கொள்ளாதே. அந்த மாடியில் அப்படிப்பட்டது நிறைய. சிவப்பானால், "இன்னொரு தபா ஓட்டுப்பா" என்பார்கள், பச்சையாகும்வரை ஓட்டுவார்கள். ஊன்றிப் பார்த்தால், ஒரு டெஸ்ட் நிஜக் கடிகாரத்தைப் பார்த்து ஓடும், இன்னொன்று முன்னால் ஓடியது விட்டுப்போன குப்பையை நம்பி ஓடும். நான் நேரத்தை என் கையில் வைத்துக்கொள்வேன். அரைமணி நேரம் சூடு ஏறினால் என்று சோதிக்க அரைமணி காத்திருக்கமாட்டேன், கடிகாரத்தை நானே தள்ளிவைப்பேன். ஒவ்வொரு டெஸ்டும் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் எந்த வரிசையில் ஓட்டினாலும், எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பதில் வரும். பதில் மாறாத சாட்சியைத்தான் எதிராளி குறுக்கு விசாரணையில் மடக்க முடியாது. நான் அப்படித்தான் யோசிக்கிறேன், எதிராளியை வைத்து. நீ வேறு மாதிரி யோசித்துக்கொள்.

பாய் இப்போது பெரிய கிடங்கு கட்டியிருக்கிறார். அதற்கான மென்பொருளுக்குப் பல கம்பெனிகள் வந்தன. தினகரும் வந்தார், புதுப் பெயரோடு. பாய் என்னிடம் கேட்டார், "என்னம்மா, தொரத்திடலாமா?" நான், "வேணாம் பாய், வரட்டும்" என்றேன். வேலையை அவருக்கே கொடுக்கும்படி சொன்னதும் நான்தான். வாசலில் நிறுத்தித் துரத்தினால் அவருக்கு அது ஒரு சிறிய அவமானம், அத்திப்பள்ளி போவதற்குள் மறந்துவிடுவார். எனக்கு அது போதாது. அவர் செய்துகொண்டு வரட்டும், எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டட்டும் என்று காத்திருந்தேன். அந்த வேலையை அவர் உன் கையில் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தது தற்செயல் என்றும் நான் நம்பவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். போன வாரம் நான் ஒரு டெஸ்ட் எழுதினேன். எழுதும்போதே கை இனித்தது. இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று எதிராகப் பொய் சொல்லும், கடிகாரம் பின்னால் ஓடும், போன் டவர் செத்திருக்கும், அந்த நேரத்தில் மேற்பார்வையாளரின் போன் அடிக்க வேண்டும். ஓட்டினால் சிவப்பு, யார் எழுதினாலும் சிவப்பு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ஏம்மா, டவரே இல்லாதப்ப போன் எப்பிடிம்மா அடிக்கும்?"

"அடிக்காது பாய்."

"அப்ப இது எதுக்கு?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். அவர் சிரித்தார். "ஒன்னு சொல்றேன், கோச்சிக்காத. இத நீ வெச்சா அந்தாளு கெலிச்சிடுவான். 'பாருங்க, இந்தம்மாவுக்கு என் மேல காண்டு, அதான் ஃபெயில் பண்ணுது'ன்னு இந்த ஒன்னையே தூக்கிக் காட்டுவான். மத்ததெல்லாம் அதோட போயிரும்."

அவர் சொன்னது உறைத்தது. எப்போதும் பச்சையாகவே இருக்கும்படி எழுதுவதும், எப்போதும் சிவப்பாகவே இருக்கும்படி எழுதுவதும் ஒரே வேலை. இரண்டிலும் நிரல் என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சரியாக எழுதிய நிரலுக்கு வழிவிட வேண்டும், தவறாக எழுதியதை மறிக்க வேண்டும், அப்போதுதான் அது டெஸ்ட். நான் அதை அழித்தேன். மனம் திருந்தி அழித்தேன் என்று எண்ணாதே. அவருக்குத் தப்பிக்க ஒரு சந்துகூட இருக்கக் கூடாது என்றுதான் அழித்தேன். அதற்குப் பதிலாக, டவர் இல்லாவிட்டால் கூரைமேல் இருக்கும் சைரன் ஒலிக்க வேண்டும் என்று எழுதினேன். அது நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கில் இருக்கிறது. நியாயமாக இருந்தால் மட்டும்தான் இந்தப் பழி பழியாக நிற்கும். இல்லாவிட்டால் வெறும் கோபக்காரப் பொம்பளையின் கூச்சல் என்று ஆகிவிடும். அவர் அப்படித்தான் ஆக்குவார், அதில் அவர் கெட்டிக்காரர்.

ஆகவே, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று நீ கேட்டதற்குப் பதில் இது. பார்த்துக்கொள்ளமாட்டேன். ஆனால் ஒளிக்கவும் மாட்டேன். திங்கட்கிழமை நடக்கப்போவதை முழுதாகச் சொல்கிறேன். வயரைப் பிடுங்குவோம். சென்சார் அர்த்தமில்லாத எண் சொல்லும், ஐம்பது சொல்லும், திடீரென்று பூஜ்யத்துக்குக் கீழே போகும். சூடு எல்லையில் சரியாக நிற்கும், பிறகு ஒரு புள்ளி மேலே ஏறும். கரண்ட் போய் வரும், வந்த பிறகு பழைய எச்சரிக்கையை நிரல் மறந்திருக்கக் கூடாது. டவர் போகும். ஒரே அறைக்கு இரண்டு எச்சரிக்கை வந்தால் ஒரு போன்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் எரிச்சலில் போனை அணைத்துவைப்பார். அவ்வளவுதான். கேள்வித்தாள் முன்னாலேயே வெளியானால் கெட்டுப்போவது பரீட்சை, நல்ல டெஸ்ட் கெடாது. கேள்வி தெரிந்தாலும், விடையை உண்மையில் செய்து முடித்தால் ஒழிய அதைத் தாண்ட முடியாது.

அன்றைக்கு வயரைப் பிடுங்கப்போவது நான் இல்லை. ருக்மணி அக்காவைப் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, கூப்பிட்டிருக்கிறேன். கேன்டீனில் ஈரக் கையோடு நின்று கேட்டார். "அந்தாளு இருப்பானா?" என்றார். இருப்பார் என்றேன். "அப்ப லீவு சொல்லிட்டு வரேன்" என்றார்.

இதைத் தினகரிடம் காட்டு. அவருக்கு இரண்டே வழி. அன்று ஒரு சொல்லைச் சேர்த்து நிறுத்திய அதே வேலையை இந்த வாரம் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்ய வேண்டும், அன்று என் டெஸ்டைக் கேலி செய்த வாயால் உங்களுக்கே அதை விளக்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ருக்மணி அக்காவின் முன்னால் சிவப்பாக வேண்டும். எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். எது நடந்தாலும் அன்று நான் நிதானமாக டீ குடிப்பேன்.

உனக்கு மட்டும் மூன்றாவது ஒன்று வரும். அவர் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ரொம்ப இனிமையாகப் பேசுவார். டெமோவில் மட்டும் வேறு மாதிரி நடக்கும்படி எங்கேயாவது ஒரு வரி சேர்க்கச் சொல்வார். உன் வேலை நிரந்தரமாவதைப் பற்றியும் அதே மூச்சில் பேசுவார். நீ சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். சேர்த்தால் திங்கட்கிழமை நான் கண்டுபிடிப்பேன், கண்டுபிடித்து நீ செய்ததாகவே சொல்வேன், என் பிள்ளை என்று விடமாட்டேன். சேர்க்காமல் வேலை போனால் மத்திகிரிக்கு வா. உன் கட்டில் அங்கேயே இருக்கிறது, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். உன் வேலையைக் காப்பாற்ற என்னால் முடியாது, விக்கி. உன்னை அவருடைய கையாக ஆகவிடாமல் தடுக்க முடியுமா என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

புதுக் கிடங்கில் செக்யூரிட்டி கறார். யாராக இருந்தாலும் வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள், பெயர் சொல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பாய் பெயரைச் சொன்னாலும், மேடம் என்று மட்டும் சொன்னாலும் விட வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அவசரப்பட்டு அம்மா என்று சொல்லிவிடாதே. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். அவர் வாயால் என் பெயரைச் சொல்லட்டும்.

அம்மா